குருவியும் முதல் பந்தியும்

கீழ்வாணியூரில் குருவி இல்லாத வீடு கிடையாது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், சமையலறை வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டிய ஒரு பெட்டி. ஆபத்து வந்தால் கத்தும். கரண்ட் போனால் விளக்காக எரியும். செல்போன் கோபுரமே சாய்ந்தாலும் தன் பாட்டுக்குப் பேசும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம்; அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? கீச்சுக் கீச்சென்று கத்துவதால் குருவி என்றே ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதுவே சீரியல் நேரத்தில் ஒத்திகைக்குக் கத்திவிட்டால், "சனியனே, உனக்கு வேற நேரமே கிடைக்கலையா?" என்று திட்டித் தீர்த்தார்கள்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நிஜமாக ஆபத்து வந்தால் எல்லா வீட்டுக் குருவியும் ஒன்றாகக் கத்தாது. ஒரு வீட்டில் முதலில் கத்தும், இன்னொரு வீட்டில் கால் மணி கழித்துக் கத்தும்.

ஊரில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நகராட்சியின் பேரிடர் பிரிவு அதிகாரி மங்கையர்க்கரசி. ஐம்பதை நெருங்கும் வயது, கணீரென்ற குரல், கவுன்சிலராக இருந்தாலும் கலெக்டராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடும் வாய். இன்னொருவன் குருவிக்கு மூளை எழுதிய இளம் பொறியாளன் நிஜாமுதீன்.

ஏன் இந்த ஒளிவுமறைவு என்றால், அதற்கு ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கீழ்வாணியூர் ஒரு பள்ளம். மேற்கே பெரிய ஏரி, கிழக்கே கால்வாய். கால்வாயைத் தாண்டினால் மேடு, அங்கே ஒரு கல்லூரி. மேட்டுக்குப் போக இருப்பது ஒரே பாலம், அதுவும் இரண்டு வண்டி உரசாமல் போக முடியாத பாலம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏரி பொங்கியபோது சங்கு ஊதினார்கள். ஊரே ஒரே மூச்சில் பாலத்துக்கு ஓடியது. தண்ணீரில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. பாலத்தில் மிதிபட்டுச் செத்தவர்கள் பத்தொன்பது பேர்.

அதற்குப் பிறகுதான் குருவி வந்தது. வீட்டுக்குள் கேட்கும் காலடியை வைத்தே யார் யார், எத்தனை பேர் இருக்கிறார்கள், கிளம்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் ஒத்திகையையும் பார்த்துக்கொள்ளும். பிறகு பாலம் நிரம்பி வழியாதபடி ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு நேரத்தில் எழுப்பும். வரிசை வெளியே தெரிந்தால் அவ்வளவுதான், கடைசியில் இருப்பவன் முதலில் ஓடுவான். அதனால் மூச்சு விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மதியம். இரண்டு நாள் கொட்டிய மழை ஓய்ந்து வெயில்கூட எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு மணத்தது. சாப்பிட்டவர்கள் ஃபேனுக்குக் கீழே சாய்ந்திருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், கல்லூரி வாசலை ஒட்டிய கட்டுப்பாட்டு அறையில் மங்கையர்க்கரசி டிபன் பாக்ஸைத் திறந்த நேரம் பார்த்து நிஜாமின் குரல் மாறியது.

"மேடம், ஏரிக்கரை உள்ளுக்குள்ள கரையுது."

"மழைதான் விட்டுடுச்சே?"

"மேல இருக்குற மூணு ஏரியும் நிரம்பி இங்க வந்து கொட்டுது. கரைக்குள்ள புதைச்ச கருவி எல்லாம் ஒரே மாதிரி சொல்லுது. ஒரு மணி நேரம் தாங்கினா பெரிய விஷயம்."

டிபன் பாக்ஸ் மூடப்பட்டது. சுவரில் இருந்த பெரிய திரையில் ஊரின் வரைபடம் விரிந்தது. குருவி தன் கணக்கைப் போட ஆரம்பித்திருந்தது. முதலில் எழுப்ப வேண்டிய வீடுகள் மஞ்சள், அடுத்தது பச்சை, கடைசி நீலம். பாலத்தை ஒட்டிய சந்தைத் தொழிலாளர் விடுதி பளிச்சென்று மஞ்சளில் எரிந்தது. ஏரிப் பக்கத்துச் சாவடித் தெரு முழுக்க நீலம்.

மங்கையர்க்கரசி திரையை ஒட்டிப் போய் நின்றாள். அது அவளுடைய தெரு.

"சாவடித் தெரு ஏன் கடைசி?"

"வேகமா கிளம்புற தெரு மேடம். ஒத்திகையில அவங்கதானே முதல் பரிசு? நீங்களே வெட் கிரைண்டர் குடுத்தீங்களே."

கொடுத்தாள்தான். மேடையில் வந்து அதை வாங்கிக்கொண்டவர் அவளுடைய புருஷன் குமாரதேவன், தெரு நலச் சங்கத்தின் செயலாளர். ஃபோட்டோவில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது. அத்தனை வீடும் ஐந்து நிமிடத்தில் காலி என்று பேப்பரில்கூட வந்தது. ஐந்து நிமிடம்! பரிசு கொடுத்த அன்று பெருமையில் மூழ்கியிருந்தவளுக்கு, இன்றுதான் தோன்றியது: எதிர்வீட்டுத் தாமோதரன் சார் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாரே, அவரை ஐந்து நிமிடத்தில் வாசலுக்குக் கொண்டுவந்தது யார்?

புருஷனுக்கு போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"ஏங்க, ஒத்திகை அன்னைக்கு தாமோதரன் சாரை யார் தூக்கினது?"

"இப்ப எதுக்கு அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தது கட்டில் சத்தத்தில் தெரிந்தது.

"அவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல, மங்கை. முந்தின நாளே மக வீட்டுக்கு அனுப்பிட்டோம். முடியாதவங்க எல்லாரையும் அப்படித்தான். படுத்த படுக்கையா இருக்கறவங்க, டயாலிசிஸ் பண்ணிக்கிறவரு… பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்‌ஷன் வந்தா படிக்காத பையனை லீவு போடச் சொல்ல மாட்டாங்களா, அந்த மாதிரி."

"கிரைண்டருக்காகவா?"

"பரிசுக்கு இல்ல, தெருவோட மானம். எல்லாத் தெருவும் செய்யறதுதான். நாம கொஞ்சம் நல்லா செஞ்சோம், அவ்வளவுதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பாள். ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை. வாழ்க்கை பூரா கிடக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏரி உடையப் போகுது. தெருவுல எழுந்து நடக்க முடியாதவங்க எத்தனை பேர்?"

மனிதருக்குத் தூக்கம் தெளிந்தது குரலிலேயே தெரிந்தது. "ஒம்பது. இல்ல, பத்து. யமுனாவுக்குப் பிரசவமாகி நாலு நாள்தான் ஆகுது, ஆபரேஷன். மங்கை… தெருவுல ஆம்பளைங்க பாதிப் பேரு வெளியூர்ல வேலை. இருக்கறது எல்லாம் என் வயசு."

"வாசல்ல நில்லுங்க. ஆள் வரும்" என்று சொல்லி வைத்தாள். ஆள் எங்கிருந்து வரும் என்று அந்த நிமிடம் அவளுக்கே தெரியாது.

நிஜாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "சாவடித் தெருவை முன்னாடி தள்ளலாம் மேடம். ஆனா கட்டிலும் கைவண்டியுமா பாலத்துல ஏறினா பின்னாடி வர்றவங்க நிப்பாங்க. யாரையாவது பின்னாடி தள்ளணும். யாரைத் தள்ளுறது? நாம யாரு அதைச் சொல்ல?"

"நாம சொல்ல வேணாம், அவங்களையே கேப்போம். எல்லா வீட்டுக் குருவியிலும் என் குரல் வரணும். ஒரே நேரத்துல."

நிஜாம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "வரிசையை வெளிய சொல்லப் போறீங்களா? ஐயோ மேடம், மறுபடி பாலத்துல பத்தொன்பது… இல்ல, நூறு பேர் போவாங்க!"

"நீ கல்யாணத்துக்குப் போயிருக்கியா?"

"இப்ப எதுக்கு மேடம் கல்யாணம்?"

"முதல் பந்தியில குழந்தைங்க, வயசானவங்க உட்காருவாங்க. மத்தவன் பசியோட நிப்பான். அடிச்சுக்கிட்டா ஓடறான்? அடுத்த பந்தி தனக்குன்னு தெரியும், அதனால நிப்பான். நின்ன நேரத்துல தண்ணி வாளியை எடுத்துப் பரிமாறுவான். எப்ப அடிதடி வரும் தெரியுமா? எத்தனை பந்தின்னு யாருக்கும் தெரியாம சமையக்கட்டுக் கதவைச் சாத்தி வச்சா வரும். அஞ்சு வருஷமா நாம சாத்தி வச்சிருக்கோம்."

"பந்திக்கு லேட்டானா உயிர் போகாது மேடம்."

"இங்க போகும். அதுவும் அவங்களுக்குத் தெரியணும்ல? அவங்க உயிர்தானே?"

நிஜாம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். பொத்தான் பக்கம் அவன் கை போவதற்குள் அவள் இன்னொரு போன் போட்டாள். சந்தைத் தொழிலாளர் விடுதியின் மேஸ்திரி பிலவேந்திரனுக்கு. மாதம் தவறாமல் சாக்கடை அடைப்புக்காக ஆபீஸ் வாசலில் வந்து சண்டை போடுகிற ஆள். அந்தச் சண்டையில்தான் பழக்கம்.

"பிலவேந்திரா, ஏரி உடையப் போகுது. இன்னும் ரெண்டு நிமிஷத்துல உங்க குருவிதான் ஊருக்கே முதல்ல கத்தும். நீங்க ஓடினா அஞ்சு நிமிஷத்துல மேட்டுல இருப்பீங்க. ஓடாதீங்கன்னு கேக்கறேன். கட்டாயம் இல்ல. உத்தரவும் இல்ல."

பின்னால் கேரம் போர்டு ஆடும் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

"எத்தனை பேரைத் தூக்கணும்க்கா?"

"சாவடித் தெருவுல பத்து. ஊர் பூரா இன்னும் இருப்பாங்க."

"வெயிட்டு?"

"தாமோதரன் சார் நூத்திப் பத்து கிலோ தேறுவாரு."

"வெங்காய மூட்டை ரெண்டு. பசங்களை அனுப்பறேன்."

போனை வைத்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"கீழ்வாணியூர் ஜனங்களே, மங்கையர்க்கரசி பேசறேன். இது ஒத்திகை இல்ல. ஏரிக்கரை உடையப் போகுது, ஒரு மணி நேரத்துக்குள்ள. பாலம் ஒண்ணுதான். எல்லாரும் ஓடினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். அதனால பந்தி போட்டுப் போறோம். முதல் பந்தி, எழுந்து நடக்க முடியாதவங்க, கைக்குழந்தைக்காரங்க, எந்தத் தெருவா இருந்தாலும். ரெண்டாவது பந்தி, ஏரிக்கரையை ஒட்டின தெருங்க. மூணாவது சந்தைக்கு மேற்கால. கடைசிப் பந்தி பாலத்துப் பக்கம் இருக்கறவங்க. ஏன் கடைசின்னா, நீங்க எட்டு வச்சா மேடு. உங்க பந்தி வந்தா உங்க குருவி கத்தும். அதுவரைக்கும் சும்மா நிக்காதீங்க. பக்கத்து வீட்டுல யாராவது படுத்துக் கிடக்கறாங்களா பாருங்க. ஒத்திகைக்கு ஊருக்கு அனுப்பி வச்சீங்களே, அவங்களைத்தான் சொல்றேன். இன்னைக்கு ஊருக்கு அனுப்ப முடியாது. தூக்கணும்."

மைக்கை வைத்துவிட்டு அவள் பாலத்துக்கு நடந்தாள். தப்பாகிப் போனால் பத்து பேர் இல்லை, ஊரே அவள் தலையில்தான்.

பாலத்தில் முதலில் வந்தது ஒரு கட்டில். நாலு மூலைக்கு நாலு சுமைத் தொழிலாளிகள், தோளில் கோணித்துணி மடித்துப் போட்டு, சந்தையில் ஓடுகிற அதே ஓட்டம். மேலே தாமோதரன் சார், கையில் குடை. "மெதுவாடா, மெதுவா! நான் என்ன தக்காளிக் கூடையா?" என்று கத்திக்கொண்டே வந்தார். "தக்காளின்னா இன்னும் பதமா தூக்குவோம் சார்" என்றான் முன்கால் பிடித்தவன். பின்னாலேயே நாற்காலிகள், கதவுப் பலகைகள், போர்வையில் கட்டிய தூளிகள். யமுனாவை அவள் மாமனாரும் யாரென்றே தெரியாத இரண்டு பெண்களும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். குழந்தை ஒரு போலீஸ்காரரின் கையில் நிம்மதியாகத் தூங்கியது.

சாவடித் தெருவிலிருந்து ஒரு கைவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் குமாரதேவன். வேட்டி மடித்துக் கட்டி, சட்டை நனைந்து, மூச்சு வாங்கியது. வண்டியில் டயாலிசிஸ் நோயாளி.

"கிரைண்டர் எங்க?" என்றாள் மங்கையர்க்கரசி. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"முதல்ல அதைத்தான் வண்டியில ஏத்தினேன். அப்புறம் இவரைப் பார்த்தேன். சாக்கடையில உருட்டி விட்டுட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு, நோயாளியை இறக்கியவுடன் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி பள்ளத்துக்கு ஓடினார். முப்பது வருடத்தில் அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி அந்த இடத்திலேயே கரைந்தது.

நடுவில் ஒரு பெரிய கார் ஹார்ன் அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தது. உள்ளே ஒருவர் மட்டும், பின் சீட் முழுக்க சூட்கேஸ். மங்கையர்க்கரசி வாயைத் திறப்பதற்குள், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து முடியாதவர்களைத் தாங்கிக் கூட்டிவந்து ஓரத்தில் நின்ற பெண்கள் காரை மறித்துவிட்டார்கள்.

"எந்தப் பந்தி நீங்க?"

"வழி விடும்மா, அவசரம்."

"எங்களுக்கு மட்டும் என்ன, ஆற அமர சாப்பிட வந்திருக்கோமா? பின் கதவைத் திறங்க. இந்தப் பெட்டியை எல்லாம் இறக்குங்க. இந்தம்மாவால நடக்க முடியல, ஏத்திக்கிட்டுப் போங்க."

கார் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. சூட்கேஸ் எல்லாம் சாலையோரத்திலேயே கிடந்தன.

நிஜாம் மாற்றிப் போட்ட வரிசையில் பந்தி பந்தியாகக் குருவிகள் கத்தின. ஜனம் வந்தது. யாரும் பதறவில்லை என்று சொன்னால் பொய். அழுதார்கள், சாமி பெயர் சொன்னார்கள், பிள்ளையைக் காணோம் என்று கூவினார்கள். ஆனால் யாரும் யாரையும் மிதிக்கவில்லை.

கரை உடைந்த சத்தம் வந்தபோது கடைசிப் பந்தி பாலத்தில் இருந்தது. பிலவேந்திரனின் ஆட்கள், போலீஸ்காரர்கள், குமாரதேவன். செம்மண் நிறத்தில் தண்ணீர் சந்தைக் கூரைகளை உரித்துக்கொண்டு வந்தது. ஆரோக்கியம் என்ற தொழிலாளியைப் பாலத்து முனையில் அது இழுத்துப் போய்விட்டது. அவன் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, கை எலும்பு முறிந்து, படகு வரும்வரை அதிலேயே தொங்கினான். குமாரதேவன் பாலத்தின் மேட்டுப் பக்கம் வந்து விழுந்தார். வேட்டி இல்லை, டிராயரோடு. மங்கையர்க்கரசி தன் துப்பட்டாவை எடுத்து அவர்மேல் போர்த்தினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

ஊரில் பாதி வீடு போயிற்று. சாவடித் தெருவில் கூரை மட்டம் வரை தண்ணீர். உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

கல்லூரி முகாமில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த ஒரு மாலை, நிஜாம் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மேடம், அன்னைக்கு குருவி போட்ட கணக்கைப் பிரிச்சுப் பார்த்தேன். நாம நினைச்சது தப்பு. அது ஏமாறல."

"என்ன சொல்றப்பா?"

"தாமோதரன் சார் மூணு மாசமா கட்டிலை விட்டு இறங்கலைன்னு அதுக்குத் தெரியும். காலடிச் சத்தம்தான் அதோட கண்ணே. யமுனா வீட்டுல யாரு மெதுவா நடக்கறாங்கன்னு தெரியும். ஒத்திகையில அவங்க இல்லைங்கறதும் தெரியும். வேகமான தெருன்னு கடைசில போடல. முடியாதவங்க இருக்கற தெருன்னுதான் கடைசில போட்டிருக்கு. மத்த தெருவுலயும் அந்த மாதிரி வீடெல்லாம் நீலம்தான். நாம உங்க தெருவை மட்டும் பார்த்தோம்."

மங்கையர்க்கரசி அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

"அதிகம் பேரைக் காப்பாத்துன்னு சொல்லி வச்சோம். இவங்க பாலத்துல ஏறினா பின்னாடி இருக்கறவங்க மாட்டிப்பாங்க. இவங்களை விட்டுட்டா மத்த எல்லாரும் தப்பிப்பாங்க. கணக்கு சரி மேடம். ஒரு தப்பும் இல்ல."

"ஒரு தப்பு இருக்கே," என்றாள் அவள். "அடுத்தவன் வந்து தூக்குவான்னு அதுல போடலையே."

"எப்படிப் போடும்? ஒருத்தர் இன்னொரு வீட்டுக்குள்ள போய் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்ததை அது ஒரு தடவைகூடப் பார்த்தது இல்ல. நாமதான் ஒவ்வொரு ஒத்திகைக்கும் அவங்களை முன்னாடியே அனுப்பிட்டோமே." பிறகு அவனே கேட்டான்: "இதை நிறுத்திடலாமா மேடம்? கழட்டி எறிஞ்சிடலாமா?"

எறிந்துவிட்டால் மனதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் எறிந்துவிட்டு மறுபடி சங்கா?

"வேணாம். வரிசையை இனிமே மறைக்கக்கூடாது. ஒத்திகையில ஒருத்தரையும் ஊருக்கு அனுப்பக்கூடாது. அன்னைக்கு நடந்ததை அது பார்த்துச்சுல்ல? அதுவும் ஒரு ஒத்திகைன்னு வச்சுக்கட்டும்."

அடுத்த ஐப்பசியில் புதுக் கரை கட்டியிருந்தார்கள், புது வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு காலையில் குமாரதேவன் காபி டம்ளரைக் கையில் எடுத்தபோது அவர்கள் வீட்டுக் குருவி கத்தியது. மங்கையர்க்கரசி வாசலுக்கு ஓடி வந்து காதைத் தீட்டினாள். தெருவில் வேறு எந்த வீட்டிலும் சத்தமில்லை. தாமோதரன் சார் வீட்டுக் குருவியும் கத்தவில்லை, டயாலிசிஸ்காரர் வீட்டுக் குருவியும் கத்தவில்லை.

"என்ன அநியாயம்! அதிகாரி வீடுன்னு நமக்கு முதல்லயா?" என்றார் குமாரதேவன். "ஊர்ல தலைகாட்ட முடியாது. கை கால் நல்லா இருக்கற ரெண்டு பேரு நாம."

அவளுக்கும் ரத்தம் கொதித்தது. நிஜாமுக்கு போன் போட்டாள். "என்னடா பண்ணி வச்சிருக்க? என் வீட்டை எதுக்கு முதல்ல போட்ட?"

"நான் ஒண்ணுமே போடல மேடம்." அவன் குரலில் ஆச்சரியமும் கொஞ்சம் பயமும் இருந்தது. "கரையில சின்னக் கசிவு, நேரம் நிறைய இருக்கு. குருவியே போட்டதுதான். முதல்ல சந்தை விடுதி. அடுத்தது உங்க வீடு. அப்புறம் அன்னைக்கு காரை மறிச்சாங்களே, அந்தம்மாங்க. யாருமே படுக்கையில இருக்கறவங்க இல்ல. அன்னைக்கு யாரெல்லாம் அடுத்த வீட்டுக்குள்ள போனாங்களோ, அவங்க வீடு மட்டும்."

அவள் போனை இறக்கினாள். ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம்தான் உறைத்தது. ஒரு தடவை தூக்கிவிட்டார்கள், இனி ஒவ்வொரு தடவையும் தூக்குவார்கள் என்று அது அவர்களை எண்ணி வைத்துவிட்டது.

"என்ன சொல்றான்?" என்றார் குமாரதேவன்.

"நம்மளை ஓடச் சொல்லிக் கூப்பிடலைங்க. பரிமாறக் கூப்பிடுது."

"அப்ப நாம எப்பக் கிளம்பறது?"

"கடைசிப் பந்தியில."

அவர் குருவியை அண்ணாந்து பார்த்தார். காபியை ஒரே மடக்கில் குடித்தார். வேட்டியை மடித்து, இந்த முறை இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, மழையில் இறங்கி, கைவண்டியை எதிர்வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டினார்.

"தாமோதரன் சார், குடையை எடுத்துக்குங்க. வண்டி வந்தாச்சு."